தனி அடுப்புக்கு ஒரு கார்டு

18-8-97, திங்கள்

வெயில். காலை ஏழு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டியது. தண்ணீர் லாரி வரவில்லை.

(டைரி போன வருடத்தது. கடைக்குப் பாத்திரம் போடும் கம்பெனி கொடுத்தது. புதுசு மேனேஜருக்கு, மிச்சம் எனக்கு. கிழமையை அடித்து அடித்து எழுதுகிறேன்.)

ரேஷன் ஆபீஸ். ஒன்பதரைக்குப் போய் ஒன்றே முக்காலுக்கு வெளியே வந்தேன். கையில் ஒரு துண்டுக் காகிதம்: பெயர் நீக்கச் சான்று. அண்ணன் கார்டிலிருந்து நான், என் மனைவி விஜி, பெண்கள் கவிதா, உஷா நாலு பேரையும் அடித்தாயிற்று. சிவப்பு மை. ஸ்கேல் வைத்து நேராக அடித்தார் கிளார்க். செத்தவர்களுக்கும் இப்படித்தான் அடிப்பார்களோ என்னவோ.

"சார், புது கார்டு எப்போ?"

"இன்ஸ்பெக்டர் வந்து வீட்டைப் பாக்கணும். தனிச் சமையல்னு அவங்க எழுதினாதான் கார்டு."

"எந்தக் கிழமை வருவாங்க சார்?"

"ஏம்பா, பொண்ணு பாக்கவா வர்றாங்க, நாள் சொல்லிட்டு வர்றதுக்கு? இந்த வாரம், இல்லன்னா அடுத்த வாரம். பத்துலேர்ந்து அஞ்சுக்குள்ள. வீடு பூட்டியிருந்தா ரிஜெக்ட். ஒரே அடுப்புன்னாலும் ரிஜெக்ட்."

"ரிஜெக்ட் ஆச்சுன்னா பழையபடி அண்ணன் கார்டுலயே..."

பேனாவை மூடினார். "சேர்த்தல் இப்ப எடுக்கறதில்ல. பொங்கல் கழிச்சு வா."

ஆக, இன்று முதல் பொங்கல் வரைக்கும் நாங்கள் நாலு பேரும் எந்தக் கார்டிலும் இல்லை. இன்ஸ்பெக்டர் மனது வைத்தால்தான் உண்டு.

யோசனை அண்ணனுடையது. வீட்டில் அவர்கள் ஐந்து, நாங்கள் நாலு. ஐந்து பேர் என்றாலும் ஒன்பது பேர் என்றாலும் ஒரு கார்டுக்கு அரிசி ஒரே அளவுதான். இருபதாம் தேதி வாக்கில் டின்னைத் தட்டினால் சத்தம் கேட்கும். பிறகு கடை அரிசி. ரெண்டு கார்டு என்றால் அந்தப் பத்து நாள் பஞ்சம் இல்லை. "பொய் இல்லடா சேகரு. என்னிக்கோ உண்மையாவப் போறத இன்னிக்கே சொல்றோம், அவ்ளோதான்" என்றார். அண்ணன் லஸ்ஸில் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறார். எதையும் சுலபமாகச் சொல்லிவிடுவார்.

செய்ய வேண்டியது:
1. இன்னொரு ஸ்டவ்.
2. அதை வைக்க இடம்.
3. லீவு.
4. லீவு கேட்கத் தைரியம்.

19-8, செவ்வாய்

கடை முதலாளி அண்ணாச்சியிடம் கேட்டேன். ஆவணி முகூர்த்தம், கடையில் நிற்க இடம் இல்லை. இன்று மட்டும் ஒரே பார்ட்டிக்கு நூற்றைம்பது டம்ளர், எல்லாவற்றிலும் பொண்ணு மாப்பிள்ளை பேர் வெட்ட வேண்டும். கடையில் பேர் வெட்டுகிறவன் நான் ஒருத்தன்தான். ஒன்பதாம் வகுப்பு வாத்தியார் என் கையெழுத்து முத்து மாதிரி என்றார். கணக்கைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

"என்னவே, ஆவணி மாசத்துல லீவு கேக்கே?"

"ரேஷன் கார்டு அண்ணாச்சி. இன்ஸ்பெக்டர் என்னிக்கு வருவாங்கன்னு தெரியாது."

"நாள் சொல்லாம வாரவுகளுக்கு நாள் கணக்கில்லாம லீவா? நல்லாருக்குய்யா ஒம்ம நாயம்." சில்லறையை எண்ணிக்கொண்டே இருந்தார். பிறகு, "காலைல ஏழு மணிக்கு வந்து ஒம்பதரை வர வெட்டு. போயி காவல் கெட. சாயங்காலம் அஞ்சரைக்கு வந்துரணும். அந்த மிஷின் ஒன்ன நம்பித்தான் ஓடுது."

நல்ல மனுஷர். மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் ஒரு நாளைக்கு நாலு தடவை 12பி.

மாலை அண்ணி ரேஷன் கடைக்குப் போய் வந்தார். மண்ணெண்ணெய்க் கேனைத் தரையில் வைத்துவிட்டு, "கார்ட பாத்தான். அஞ்சு பேருக்குதான்னு ஊத்தினான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். ஆனால் விஜி சாப்பிடும்போது ஒரு கரண்டி சோறு குறைத்துப் போட்டுக்கொண்டாள். நான் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

20-8, புதன்

சமையலறை நிர்மாணம். இடம்: பின்பக்க நடை, துவைக்கிற கல்லுக்குப் பக்கம். ஆறடிக்கு நாலடி. மேலே தகரம். திரை: விஜியின் பழைய புடவை. ஸ்டவ்: எதிர் போர்ஷன் பார்வதியக்கா பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தது. திரி ரெண்டு போயிருந்தது, மாற்றினேன்.

எல்லாம் முடிந்து தள்ளி நின்று பார்த்தேன். சுவர் பளிச்சென்று இருக்கிறது. சமைக்கிற வீட்டுச் சுவர் இப்படி இருக்குமா? விஜி சிம்னி விளக்கைத் தூக்கிப் பிடித்துக் கரி படிய வைத்தாள். நான் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உஷா: "அப்பா, சுவத்துல நான் கோடு போட்டா மட்டும் அடிக்கிறே?"

எட்டு வயதில் கேட்கிற கேள்விக்கு நாற்பத்திரண்டு வயதில் என் பதில்: "போய்ப் படி."

அண்ணி வந்து எட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் கீது விஜயா. என்னுதவிட காத்து நல்லா வருது." விஜி சிரித்தாள். கவிதாவுக்கு ரெண்டு வயதில் இந்த வீட்டுக்கு வந்தோம்; அன்றிலிருந்து ரெண்டு பேரும் பதினொரு வருடமாக ஒரே அடுப்பு. காலை அண்ணி, ராத்திரி விஜி. யார் சொல்லி வந்த ஏற்பாடு என்று யாருக்கும் தெரியாது.

21-8, வியாழன்

காத்திருப்பு. பத்திலிருந்து ஐந்து.

10.40: கதவு தட்டல். விஜி ஓடிப்போய்ப் பின்னால் ஸ்டவ் பற்ற வைத்தாள். தயிர்க்காரம்மா.
12.15: கதவு தட்டல். ஸ்டவ் பற்ற வைத்தாள். சோப்புத்தூள் சாம்பிள் கொடுக்கிற பெண்.
2.00: ஸ்டவ். போஸ்ட்மேன், பக்கத்துப் போர்ஷனுக்கு.
3.30: ஸ்டவ். யாருமே இல்லை, காற்று.

மண்ணெண்ணெயும் தனியாகக் கிடைக்கத்தான் கார்டு. கார்டுக்காக இருக்கிற மண்ணெண்ணெயும் எரிகிறது. அண்ணி கேனைத் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டு வைத்தார்.

ஐந்தரைக்குக் கடையில். முகூர்த்த டம்ளர் ஐம்பது பாக்கி. அவசரத்தில் ஒரு மாப்பிள்ளையின் இனிஷியல் கொஞ்சம் குடித்த மாதிரி விழுந்தது. பாலிஷ் போட்டுச் சரி செய்தேன்.

22-8, வெள்ளி

அடுத்த தெருவுக்கு வந்துவிட்டார்களாம். பார்வதியக்கா பூ வாங்கப் போன இடத்தில் கேட்டு வந்தார். அவருக்கு ஊர்ச் செய்தி எல்லாம் பூக்கடையில்தான்.

"ஒரு வூட்ட ரிஜெக்ட் பண்ணிட்டாங்க சேகரு. அடுப்பு ரெண்டும் கீது. ஆனா இன்ஸ்பெக்டரு இன்னா பண்ணாங்க தெரியுமா? பாத்திரத்தத் தூக்கித் தூக்கிப் பாத்தாங்களாம். எல்லாத்துலயும் மாமியா பேரு. மாமியா பேரு போட்ட சட்டியில ஆக்கிக்கினு தனிச் சமையல்னா யாரு நம்புவாங்க?"

எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் பாதியில் அண்ணி பேர், பாதியில் பேரே இல்லை. ஊர்ப் பாத்திரத்துக்கெல்லாம் பேர் வெட்டுகிறவன் வீட்டுப் பாத்திரம் மொட்டையாக இருக்கிறது.

விஜியிடம் சொன்னேன். "அப்போ வெட்டிடுங்க" என்றாள். என்னமோ கடுகு தாளித்துவிடுங்கள் என்கிற மாதிரி.

23-8, சனி

தூறல். தகரத்தில் ஓட்டை இருப்பது இப்போதுதான் தெரிகிறது. ஸ்டவ் நனைந்தது. யாரும் வரவில்லை. தலைவலி. கவிதாவுக்குக் கணக்குப் பரீட்சை, ஐம்பதுக்கு இருபத்தெட்டு. குடும்ப வியாதி.

அரிசி டின்: அடியில் ரெண்டு விரல். அண்ணன், "கடை அரிசி வாங்கிடலாம், பாதிப் பாதி" என்றார். இதுவரை பாதிப் பாதி என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

24-8, ஞாயிறு

அண்ணாச்சியிடம் கேட்டு மிஷினை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நடுக் கூடத்தில் உட்கார்ந்தேன். உஷாவுக்கு ஒரே குஷி. கடையில் அப்பா என்ன செய்கிறார் என்று இப்போதுதான் பார்க்கிறாள்.

அண்ணி, "உனுக்கு இன்னா இன்னா வேணுமோ எடுத்துக்க விஜயா" என்று பாத்திரத்தையெல்லாம் கூடத்தில் பரப்பிவிட்டார். தட்டு நாலு, டம்ளர் ஆறு, குழம்புச் சட்டி, சோற்றுக் குண்டான், டப்பாக்கள், கரண்டிகள். நான் வெட்ட ஆரம்பித்தேன். த. விஜயா. த. விஜயா. மொத்தம் முப்பத்தொன்று. கடை வேலை மாதிரியே சுத்தமாக வந்தது. எனக்கே கொஞ்சம் பெருமை.

அப்புறம் அண்டா.

தண்ணீர் பிடித்து வைக்கிற பெரிய பித்தளை அண்டா. விஜி அதை உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். அண்ணி சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "அது வேணாம் விஜயா, அது எங்கம்மா வூட்டுச் சீரு."

"சும்மா பேருக்குத்தானேக்கா. இன்ஸ்பெக்டர் போனதும் எல்லாம் ஒண்ணுதானே?"

"பேரு வெட்டினா வெட்டினதுதானே? அழிக்கவா முடியும்?"

"தண்ணி வைக்க எங்களுக்கும் ஒண்ணு காட்டணும் இல்ல?"

"குடத்தக் காட்டு."

விஜி அண்டாவை விடவில்லை. "சீரு உங்களுது. பதினொரு வருசமா புளி போட்டுத் தேச்சது நானு" என்றாள்.

அண்ணி முகம் மாறிவிட்டது. "நான் தேய்க்கச் சொன்னேனா?"

நான் சமாதானம் பண்ணுவதாக நினைத்துக்கொண்டு, "ஒரு பக்கம் அண்ணி பேரு, மறுபக்கம் விஜி பேரு வெட்டட்டுமா?" என்று கேட்டேன். ரெண்டு பேரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள். இந்த வீட்டில் இன்று ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அந்தப் பார்வை.

அண்டாவில் பேர் வெட்டவில்லை. அது நடையில் நிற்கிறது, யார் பக்கமும் சேராமல்.

25-8, திங்கள்

வந்துவிட்டார்கள். எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

11.20. இன்ஸ்பெக்டர் என்றால் மீசை வைத்த ஆளாக நினைத்திருந்தேன். ஐம்பது வயது அம்மா. குடை, தோல் பை, செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. கடவுள் புண்ணியத்தில் விஜி உண்மையாகவே ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி உள்ளே தன் அடுப்பில். நேற்றிலிருந்து ரெண்டு பேரும் பேசவில்லை. அண்ணன் ஸ்டாண்டில்.

உள் அடுப்பைப் பார்த்தார். பின் நடைக்கு வந்தார். புடவைத் திரையை விலக்கினார். ஸ்டவ், குண்டான், அலமாரி மாதிரி நான் அடித்த பலகை. சுவரில் விரலை வைத்தார், விரலைப் பார்த்தார், கர்ச்சீப்பில் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு நாளா தனியா சமைக்கறீங்க?"

"ரொம்ப நாளா மேடம்" என்றேன்.

ஃபைலைத் திறந்தார். பேனாவை எடுத்தார். எழுதப் போகிற நேரத்தில், "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா, என்ன வெயில்" என்றார்.

விஜி இருப்பதிலேயே நல்ல டம்ளரைப் பார்த்து எடுத்து, கழுவி, பானைத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். மேடம் அண்ணாந்து குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கப் போனவர் நிறுத்தினார்.

"த. விஜயா. இருபத்துநாலு, எட்டு, தொண்ணூத்தேழு" என்று படித்தார்.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை.

குனிந்து ஒரு தட்டை எடுத்தார். இருபத்துநாலு எட்டு. குண்டானைத் திருப்பினார். இருபத்துநாலு எட்டு. உப்பு டப்பா. இருபத்துநாலு எட்டு.

பதினைந்து வருடமாகப் பேர் வெட்டுகிறேன். கல்யாணம், கிரகப்பிரவேசம், எதுவானாலும் பேருக்குக் கீழே தேதி. தேதி இல்லாமல் ஒரு பாத்திரம் என் கையை விட்டுப் போனதில்லை. பேர் முடிந்ததும் கை தானாகக் கீழே இறங்கிவிடும். நேற்று முப்பத்தொரு தடவை இறங்கியிருக்கிறது. கண்ணால் பார்த்துக்கொண்டேதான் வெட்டினேன். ஒரு தடவைகூட உறைக்கவில்லை. என்னைப் போல ஒரு மடையன் இந்தக் கார்ப்பரேஷன் எல்லைக்குள் இருக்க முடியாது.

"ஏன் சார், ரொம்ப நாளா தனியா சமைக்கறீங்க. நேத்து ஒரே நாள்ல இத்தனை பாத்திரம் வாங்கினீங்களா?"

"மேடம், அது வந்து, கடையில ஆஃபர்..."

"ஞாயித்துக்கிழமை ஆஃபர்."

"ஆமா மேடம்."

பேனாவை மாற்றினார். சிவப்பு. விஜி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள். பொங்கல் வரைக்கும் எத்தனை மாதம் என்று மனசு எண்ண ஆரம்பித்தது. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி.

அப்போது அண்ணி வெளியே வந்தார். கையில் ஈரம். முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அவரு ஒளர்றாரு மேடம். நான் சொல்றேன் எழுதிக்கோங்க. நேத்துதான் பாத்திரம் பிரிச்சோம். பிரிச்ச தேதிதான் அது."

"நீங்க?"

"அவரு அண்ணன் சம்சாரம். பதினோரு வருசமா காலைல நாலரைக்கு எழுந்து ஒம்போது பேருக்கு ஆக்கினேன் மேடம். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, 'அக்கா நீங்க படுங்க, நான் பாத்துக்கறேன்'னு இந்தப் பொண்ணு வாயிலேந்து வந்திருக்குமா கேளுங்க. நேத்து எங்கம்மா குடுத்த அண்டாவ உருட்டிக்கினு வந்து பேரு வெட்டுன்னு வைக்குது. செத்துப் போனவங்க குடுத்தது மேடம்."

அடேயப்பா, அண்ணி இவ்வளவு நன்றாக நடிப்பார் என்று தெரியாமல் போய்விட்டதே என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

விஜி என் சட்டையை விட்டாள்.

"நானும் சொல்றேன் மேடம். படுங்கன்னு நான் சொல்லல. சரி. எனக்கு மஞ்சக் காமாலை வந்தப்போ பத்தியச் சோறு யாரு ஆக்கினா? எங்க அக்கா மந்தவெளிலேந்து பஸ்ஸுல கொண்டாந்தா. இவங்க இல்ல. மீன் வாங்கினா நடுத்துண்டு இவங்க புள்ளைங்களுக்கு, வாலு என் பொண்ணுங்களுக்கு. நான் ஒரு நாளாச்சும் கேட்டேனா? பேரு அடிச்ச மறுநாளு எண்ண கேன கீழ வச்சிட்டு, அஞ்சு பேருக்குதான் ஊத்தினான்னு சொன்னாங்க மேடம். நாலு பேரு அங்க நின்னுக்கினு இருக்கோம்."

"நான் நடந்ததச் சொன்னேன்!"

"சொன்ன விதம் எனக்குத் தெரியாதா?"

"வாலு, வாலுன்றியே, உன் பெரிய பொண்ணு வயசுக்கு வந்தப்போ பதினாறு நாளு புட்டு சுத்தினது யாருடி? உன் மந்தவெளி அக்காவா?"

"போதும், போதும்" என்றார் மேடம். ரெண்டு கையையும் தூக்கினார். சிவப்புப் பேனா மறுபடி பைக்குள் போயிற்று. நீலம் வந்தது. எழுதுவதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார்: "இரு குடும்பம், இரு அடுப்பு, தனித்தனிச் சமையல். பாத்திரம் பிரித்தது 24-8-97." பிறகு என்னைப் பார்த்து, "சொத்துப் பிரிச்சா பத்திரம் இருக்கும். உங்க வீட்டுல பாத்திரமே இருக்கு. இங்க கையெழுத்துப் போடுங்க" என்றார்.

நான் போட்டேன். அண்ணனுக்குப் பதிலாக அண்ணி போட்டார். எ. சரோஜா. எழுத்துக் கூட்டி, மெதுவாக. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

வாசல் வரை மேடத்தை வழி அனுப்பினேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "கார்டு ரெண்டு வாரத்துல வரும் சார். சண்டையை வளர்க்காதீங்க" என்றார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உள்ளே ஓடி வந்து, "அண்ணி, அசத்திட்டீங்க! அந்த அண்டா மேட்டர எடுத்துவிட்டீங்களே, அங்கதான் அந்தம்மா கவுந்துட்டாங்க. இன்னா நடிப்பு!" என்றேன்.

அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரு நடிச்சா?" என்றார். "போய் உன் பொண்டாட்டிய கேளு, அவ நடிச்சாளான்னு."

கேட்கவில்லை. கடைக்குப் போய்விட்டேன்.

26-8, செவ்வாய்

காலை அண்ணி ஐந்து பேருக்கு மட்டும் தோசை வார்த்தார். விஜி பின்னால் நாலு பேருக்கு உப்புமா.

உஷா வழக்கம்போல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய் நின்றாள். அண்ணி ஒரு தோசை போட்டார். திரைக்குப் பின்னாலிருந்து விஜி குரல்: "உஷா, நம்ம அடுப்பு இங்க கீது." குழந்தை தோசையோடு வந்து நின்றது, தின்னலாமா கூடாதா என்று தெரியாமல். நான் வாங்கித் தின்றுவிட்டேன். அண்ணி தோசை, நன்றாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணனை டீக்கடையில் பார்த்தேன். ஒரு டீயை ரெண்டாகப் போடச் சொன்னார்.

"பொம்பளைங்க விஷயம் நைனா. ரெண்டு நாளுல சரியாப் பூடும்."

"நீ அண்ணிகிட்ட கேட்டியா?"

"கேட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"டீய குடி, ஆறிப்போவுது."

28-8, வியாழன்

தண்ணீர் லாரி வந்தது. அண்ணி தன் குடங்களில் பிடித்தார், விஜி தன் குடங்களில். அண்டா காலி. கவிதா பாதிக் குடத்தை அதில் ஊற்றப் போனாள். விஜி, "அது வேணாம்" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து அண்ணி, "ஊத்தட்டும், இன்னா இப்போ" என்றார். விஜிக்குக் கேட்டது. கேட்காத மாதிரி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

கடை அரிசி ரெண்டு கிலோ, நமக்கு மட்டும். முகூர்த்த வேலை அதிகம். பஸ் பாஸ் புதுப்பிக்க.

3-9, புதன்

மழை. தகரத்துக்குத் தார் ஷீட் போட்டேன். போடும்போது யோசித்தேன், இது தாற்காலிகம்தானே, கார்டு வந்ததும் பிரித்துவிடலாமே, எதற்கு தார் ஷீட் என்று. விஜி கீழேயிருந்து, "நல்லா நீட்டிப் போடுங்க, அடுத்த மழைக்கும் தாங்கணும்" என்றாள்.

அடுத்த மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. நீட்டிப் போட்டேன்.

அவளிடம் மெதுவாகப் பேச்சு எடுத்தேன். "ஒரு வார்த்த நீ போய் பேசேன். பெரியவங்கதானே."

"பேசலன்னு யாரு சொன்னா? பேசறேனே. தண்ணி வந்துச்சான்னு கேட்டாங்க, வந்துச்சுன்னேன்."

"முன்ன மாதிரி..."

"முன்ன மாதிரி மனசுல வச்சிக்கினு சிரிச்சிக்கினு இருக்கச் சொல்றீங்களா? பதினோரு வருசம் இருந்தேன். அவங்களும் இருந்தாங்க. இப்போ ரெண்டு பேருக்கும் நல்லாத்தான் கீது."

நல்லாத்தான் இருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை. ராத்திரி ரசத்தில் உப்பு ஒரு கல் கூட. இதுவும் சொல்லவில்லை. இந்த வீட்டில் நான் சொல்லாத விஷயங்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

11-9, வியாழன்

கார்டு வந்துவிட்டது!

ஆபீஸில் போய் வாங்கினேன். அதே கிளார்க். "பொண்ணு பாத்துட்டாங்க போல" என்றார். சிரித்தேன். குடும்பத் தலைவர்: தனசேகரன். அச்சில் என் பேரைத் தலைவர் என்று பார்ப்பது இதுதான் முதல் தடவை. பஸ்ஸில் மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். பக்கத்து சீட் ஆளும் பார்த்தார்.

விஜி மஞ்சள் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகினாள். கண் கலங்கியிருந்தது. நாலு பேர் பேரும் வரிசையாக, கோடு எதுவும் இல்லாமல்.

அண்ணி வாசலில் பூ தொடுத்துக்கொண்டிருந்தார். "வந்துச்சா? சந்தோசம்" என்றார். உண்மையான சந்தோஷம்தான். முகத்தைப் பார்த்தால் தெரியாதா எனக்கு? எழுந்து வந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

13-9, சனி

வெயிலும் மேகமுமாக. முதல் ரேஷன்.

ஆறரைக்கே போய்விட்டேன். எனக்கு முன்னால் நாற்பது பேர். அண்ணன் எனக்கு ரெண்டு ஆள் முன்னால் நின்றார். ஒரே வரிசையில் ரெண்டு கார்டு, நாங்கள் திட்டம் போட்டது போலவே. திரும்பி என்னைப் பார்த்ததும், "கடைக்கு லேட்டாவுமே நைனா, நீ இங்க வந்து நில்லு" என்று தன் இடத்தைக் கொடுத்துவிட்டு என் இடத்துக்குப் போய் நின்றுகொண்டார். அப்படித்தான் அவர் எப்போதும்.

அரிசி, பாமாயில், சர்க்கரை. எல்லாம் கிடைத்தது. கடைக்காரர் என் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த ஆளுக்கு எடை போடும்போதே மூட்டையை உதறினார். "சர்க்கரை முடிஞ்சிடுச்சு. அடுத்த லோடு எப்ப வரும்னு தெரியாது. மத்ததுக்கு மட்டும் நில்லுங்க."

அண்ணனிடம் நான், "என்னுதுல பாதி எடுத்துக்க" என்றேன். "சீ போடா, நான் டீக்கடைல குடிச்சிக்கறேன்" என்றார். ரெண்டு பேர் அரிசிப் பையையும் அவர் சைக்கிளில் ஒன்றாகக் கட்டி, நான் பின்னால் பிடித்துக்கொண்டு, தெருக்கோடி வரை பேசிக்கொண்டே வந்தோம். வாசலில் பையைப் பிரித்தோம். அவர் உள்ளே, நான் பின்னால்.

சாயங்காலம் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு ஆறு மணிக்கே வீடு திரும்பினேன். விஜி பாயசம் வைத்திருந்தாள், புது கார்டுக்காக. உஷா கிண்ணத்தை நக்கிக்கொண்டிருந்தாள்.

திரைக்கு வெளியே நிழல். அண்ணி. உள்ளே வரவில்லை. இந்த வீட்டில் எந்த மூலைக்கும் கேட்காமல் போகிறவர், பழம்புடவைத் திரைக்கு வெளியே நின்றுகொண்டு, "விஜயா, இருக்கியா?" என்று கேட்டார்.

"வாங்கக்கா."

"இல்ல, வேல கீது. ஒரு டம்ளர் சக்கர இருந்தா குடேன். என் தங்கச்சி வீட்டுக்காரர் வந்திருக்காரு, காபி போடணும். லோடு வந்து கார்டுல போட்டதும் தந்துடறேன்."

"அய்ய, இதுக்குப் போயி தர்றேன் கிர்றேன்னுகினு. இருங்கக்கா."

விஜி டப்பாவைத் திறந்து டம்ளர் நிறைய அள்ளினாள். கோபுரமாக வந்தது. ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஆள்காட்டி விரலால் மேலே ஒரு வழி வழித்து, அதிகப்படியை டப்பாவுக்குள் தட்டிவிட்டு, விளிம்போடு சமமாக இருக்கிறதா என்று பார்த்துத் திரைக்கு வெளியே நீட்டினாள்.